பக்கவாதத்துக்குப் பிறகு: ஐசியு வாசலிலிருந்து வேலைக்குத் திரும்பும் வரை

என் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. இப்போது நான் மறுபடியும் வகுப்பறையில் பாடம் நடத்துகிறேன். கரும்பலகையில் இடது கையால் எழுதுகிறேன். இடைப்பட்ட காலத்தில் நோயோடு போராடிய அளவுக்குக் காகிதங்களோடும் போராடினோம். எங்கே போவது, என்ன கொண்டுபோவது, எவ்வளவு செலவாகும், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் என் கணவர் அலைந்த அலைச்சல் இன்னொரு குடும்பத்துக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மருத்துவமனை உயிரைக் காப்பாற்றும். கையும் காலும் பேச்சும் திரும்புவது அதன் பிறகு வீட்டில் நடக்கும் வேலை. அந்த வேலைக்கான ஏற்பாட்டை ஐசியு வாசலில் காத்திருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். இதைப் படிப்பவர் பெரும்பாலும் நோயாளியின் மனைவியாகவோ, கணவராகவோ, பிள்ளையாகவோ இருப்பீர்கள். ஆகையால் உங்களிடமே பேசுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

1. முதல் சில மணி நேரம்

வாய் ஒரு பக்கம் கோணுகிறது, தூக்கச் சொன்ன இரு கைகளில் ஒன்று தானாகத் தாழ்கிறது, பேச்சு குழறுகிறது. இந்த மூன்றில் ஒன்று திடீரென வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். "படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம். இரத்தக் கட்டியால் வந்த பக்கவாதம் என்றால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய இரத்தக் குழாய் அடைபட்டிருந்தால் குழாய் வழியாகக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை உண்டு. தகுதியான சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்கிறார்கள். அதற்கும் தாமதம் ஆக ஆகப் பலன் குறையும்.

மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதுதான். தூங்கி எழும்போதே கை வரவில்லை என்றால், இரவு நன்றாக இருந்த கடைசி நேரத்தையே கணக்கில் எடுப்பார்கள். அந்த நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால் சிகிச்சையே மாறும்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இரவு பகலாக சிடி ஸ்கேன் எடுக்கும் வசதியும் நரம்பியல் மருத்துவரும் உள்ள இடத்துக்கே நேராகப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள். இரண்டாவது, வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவது. விழுங்கும் திறன் போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மூன்றாவது, மாரடைப்புக்குக் கொடுப்பதுபோல ஆஸ்பிரின் கொடுப்பது. மூளையில் இரத்தக் கசிவாக இருந்தால் அது ஆபத்து. கட்டியா கசிவா என்பதை ஸ்கேன் மட்டுமே சொல்லும்.

2. ஒரே கோப்பு

அனுமதியான அன்றே ஒரு கெட்டியான கோப்பு வாங்குங்கள். நோயாளியின் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், காப்பீட்டு அட்டை ஆகியவற்றில் தலா ஐந்து ஜெராக்ஸ், எட்டு பாஸ்போர்ட் அளவுப் படங்கள். ஸ்கேன் படங்களையும் குறுந்தகட்டையும் அதிலேயே வையுங்கள். மருந்துக் கடை ரசீது ஒன்றையும் தூக்கிப்போடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா, பாதிக்கப்பட்டது வலமா இடமா, கட்டியா கசிவா, பாதிப்பு வந்த தேதி என்ன, பேச்சுப் பாதிப்பு எழுதப்பட்டிருக்கிறதா. எனக்குப் பேச்சு அறவே இல்லாதபோதும் சம்மரியில் வலப்பக்கச் செயலிழப்பு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. பிறகு அதைத் திருத்தி வாங்குவதற்குள் என் கணவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. முழு மருத்துவப் பதிவுகளையும் எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. மூன்று ஆண்டுகளுக்கு அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

3. பணம்: அனுமதியான அன்றே பேசுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். நோயாளி படுக்கையில் இருக்கும்போதே இதை ஒருவர் செய்யலாம். ஆகவே குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனைக்கு, ஒருவர் அலுவலகங்களுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தனிக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தனியார் காப்பீடு இருந்தால் அனுமதியான உடனே தகவல் சொல்லுங்கள். பல பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவையும் கேட்டுப் பெறலாம். மாத்திரை, ஸ்கேன் செலவுகள் அதில் வரும்; மருத்துவர் எழுதித் தந்திருந்தால் பிசியோதெரபியையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். இது தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். சேர்ந்திருக்கும் மருத்துவமனை உங்கள் திட்டத்தின் பட்டியலில் உள்ளதா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை பார்த்து இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் கட்டியவர் என்றால், ஒருபக்கச் செயலிழப்பு அவர்களுடைய நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தகுதிக்காலம் நிறைவானவருக்குச் சராசரி ஊதியத்தில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டுகள் வரைகூடக் கிடைக்கும். இதற்கு இஎஸ்ஐ மருத்துவரின் சான்று தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இடையில் விட்டுப்போனால் சிக்கல்.

4. வீட்டுக்குப் போகும் முன் கற்றுக்கொள்ள வேண்டியவை

டிஸ்சார்ஜ் நாளன்று எல்லோரும் பில் கட்டும் கவுண்டரில் நிற்பார்கள். அதற்கு முந்தைய நாளே செவிலியரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் இவற்றைச் செய்துகாட்டச் சொல்லி, நீங்களும் ஒரு முறை அவர்கள் முன் செய்து பாருங்கள்.

விழுங்குதல்: நிமிர்ந்து உட்கார வைத்தே ஊட்ட வேண்டும், ஊட்டி முடித்த பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படும் பலருக்குத் தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி பாதுகாப்பானது. சாப்பிடும்போது இருமல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள். மூக்குக் குழாய் போட்டிருந்தால், அதில் ஊட்டும் முறையை எழுதியே வாங்குங்கள்.

படுக்கைப்புண்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள், இரவிலும். காற்றுப் படுக்கை வாங்கலாம், வாடகைக்கும் கிடைக்கும். ஆனால் காற்றுப் படுக்கை போட்டிருந்தாலும் புரட்டியே ஆக வேண்டும்.

தோள்: செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். தசை பிடிமானம் இல்லாத தோள் எளிதில் மூட்டிலிருந்து இறங்கிவிடும். பிறகு வலியினாலேயே பயிற்சி செய்ய முடியாமல் போகும். எழுப்புவதற்கு இடுப்பில் அகலமான ஒரு பெல்ட்டைக் கட்டி அதைப் பிடியுங்கள். பார்க்க வரும் உறவினர்கள் பாசத்தில் கையைத்தான் பிடித்து இழுப்பார்கள். எங்கள் வீட்டில் என் கட்டிலுக்கு மேலே "இந்தக் கையை இழுக்காதீர்கள்" என்று மகள் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள்.

5. பிசியோதெரபி: முதல் ஆறு மாதம்

மூளை வேகமாக மீளும் காலம் முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள். அரைகுறையாகச் செலவழிக்கக் கூடாத காலம் இது. "கொஞ்சம் தேறட்டும், பிறகு ஆரம்பிக்கலாம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். நிலை சீரானதும் மருத்துவமனைப் படுக்கையிலேயே பயிற்சி தொடங்கும். வீட்டுக்கு வந்த மறுநாளும் அது தொடர வேண்டும்.

செலவு: எங்கள் ஊரில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் ஒரு முறைக்கு 400 முதல் 600 ரூபாய் வரை வாங்குகிறார். தினமும் வரச்சொன்னால் மாதம் 12,000 ரூபாய்க்குக் குறையாது. அவ்வளவு முடியாதவர்கள் வாரம் இரண்டு முறை வரச்சொல்லி, அவர் சொல்லித்தரும் பயிற்சியைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து, மற்ற நாள்களில் வீட்டிலேயே செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாக இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளும் வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு போய்ப் பெயரைப் பதியுங்கள். அவர்கள் வரும் இடைவெளி உங்களுக்குப் போதாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் பார்க்க வேண்டிய வீடுகள் அத்தனை. இடைப்பட்ட நாள்களை நிரப்புவது குடும்பத்தின் வேலை.

பாதம் தொங்குகிறது என்றால் கணுக்கால் ஸ்பிளிண்ட் (பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் சாதனம்) எழுதித் தருவார்கள். ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கும் முன் அளவெடுத்துச் செய்வது தேவையா என்று கேளுங்கள். சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்றவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசமாகவே கிடைக்கும். அதற்கு அடையாள அட்டை வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கால் முதலில் வரும், கை தாமதமாகும், விரல்கள் கடைசி. பெரும்பாலோருக்கு இதுதான் வரிசை. நடக்கத் தொடங்கியதும் குடும்பம் மகிழ்ந்து பயிற்சியை நிறுத்திவிடுகிறது. கை அப்படியே மடங்கி இறுகிப்போகிறது. நான் ஒரு தட்டில் துவரம்பருப்பைப் பரப்பி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடுவேன். முதலில் ஒரு பருப்பைக்கூடப் பிடிக்க முடியாமல் கொட்டைப் பாக்கு அளவு மாவு உருண்டையில் தொடங்கினேன், பிறகு கொண்டைக்கடலை, பல மாதங்களுக்குப் பிறகே பருப்பு. என் புடவைக் கொசுவத்தை நானே மடிக்கும் நாள் அதற்கும் வெகு பின்னால் வந்தது.

ஆறு மாதத்தில் வராதது இனி வராது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். வேகம் குறையும், நிற்காது. ஜில் போல்டி டெய்லர் என்ற அமெரிக்க மூளை ஆய்வாளருக்கு 1996 டிசம்பரில் மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. முழுமையாக மீள எட்டு ஆண்டுகள் ஆயின என்று அவரே சொல்லியிருக்கிறார்.

6. பேச்சு

இதைத்தான் அதிகம் பேர் கைவிடுகிறார்கள். கை காலுக்குச் செலவழித்த பிறகு பேச்சுக்குப் பணமும் இருப்பதில்லை, பொறுமையும் இருப்பதில்லை. பேச்சு போனவருக்கு அறிவும் போய்விட்டது என்று நினைத்து அவர் முன்னாலேயே அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசுகிறார்கள். எனக்கு எல்லாம் புரிந்தது. 'தண்ணீர்' என்று மனத்தில் தெளிவாக இருக்கும். வாயில் 'கரண்டி' என்று வரும்.

பேச்சுப் பயிற்சியாளர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவோடு சேர்ந்து இருப்பார். நரம்பியல் மருத்துவரிடம் பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் பலர் எழுதுவதில்லை. சிறிய ஊர்களில் இருப்பவர்களுக்குக் காணொளி அழைப்பில் பயிற்சி தருபவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். அவர் வார்த்தையைத் தேடும்போது நீங்கள் முந்திக்கொண்டு முடிக்காதீர்கள். மனப்பாடமானவை முதலில் வரும்: கிழமைகள், எண்கள், பாட்டு. கணவர் பெயரைச் சொல்ல முடியாத நான் ஏழாம் வாய்ப்பாட்டைத் தடங்கலில்லாமல் சொன்னேன். பக்கத்துப் படுக்கை அம்மா திகைத்துப் போனார்கள். அந்த வாய்ப்பாட்டிலிருந்துதான் என் பயிற்சியாளர் ஒவ்வொரு எண்ணாகப் பிரித்தெடுத்துப் பேச்சைக் கட்டினார்.

7. புறா இரத்தம், எண்ணெய், "ஒரே மாதத்தில் குணம்"

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே யாராவது புறா இரத்தம் தடவச் சொல்வார்கள். அதனால் மூளையில் எதுவும் மாறாது. புறா வாங்கும் பணமும் தேடும் நேரமும் பயிற்சிக்குப் போகட்டும். மெதுவாக எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் உணர்ச்சியில்லாத கையை அழுத்திப் பிடித்துவிடுவதும், இழுத்துச் சொடக்கு எடுப்பதும், சூடான ஒத்தடமும் காயத்தில் முடியும். மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் எந்த வைத்தியரிடமும் போகாதீர்கள். நாள் குறித்துக் குணம் உறுதி என்று முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

8. மாத்திரையும் மனமும்

ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம். இரத்த அழுத்தமே முதல் எதிரி. வீட்டில் ஒரு அழுத்தமானி வாங்கி, காலை மாலை பார்த்து நோட்டில் எழுதி, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுங்கள். "அழுத்தம் சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. மாத்திரை சாப்பிடுவதால்தான் சரியாக இருக்கிறது. மக்கள் மருந்தகத்தில் இதே மருந்துகள் விலை மிகக் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விடுங்கள். புகையிலை எந்த வடிவிலும் கூடாது.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அழுகை, பயிற்சிக்கு மறுப்பு, தூக்கமின்மை எல்லாம் பிடிவாதமாகத் தெரியும். அதற்கும் மருந்து உண்டு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கும் அதே சோர்வு வரும். வாரத்தில் அரை நாளாவது வேறொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

9. வங்கியும் கையெழுத்தும்

வலது கை போனால் கையெழுத்து போகும். சம்பளமோ ஓய்வூதியமோ கணக்கில் வந்தும் எடுக்க முடியாமல் குடும்பங்கள் தவிக்கின்றன. ரிசர்வ் வங்கி விதிப்படி, உடல்நலக் குறைவால் கையெழுத்திட முடியாதவர் பெருவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரி. மருத்துவச் சான்றோடு மேலாளருக்குக் கடிதம் கொடுங்கள். ஏடிஎம் கடவு எண்ணை வைத்துச் சமாளிப்பது நீண்ட நாளைக்கு உதவாது. பேசவும் புரிந்துகொள்ளவும் தொடங்கியதும் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள்.

ஓய்வூதியர்களின் ஆயுள் சான்றை முகம் காட்டும் செயலி மூலம் வீட்டிலிருந்தே பதியலாம். அஞ்சல்காரர் வீட்டுக்கு வந்தும் செய்து தருகிறார்.

10. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை

பலர் இதை வாங்கத் தயங்குகிறார்கள். "சரியாகிவிடப் போகிறவருக்கு எதற்கு?" என்று என் மாமியாரும் கேட்டார். வாங்குங்கள். நலம் பெற்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

நேரம்: பக்கவாதத்துக்குப் பொதுவாக ஆறு மாதம் கழித்தே ஊன விழுக்காட்டை மதிப்பிடுவார்கள். அதற்கு முன் போனால் திருப்பி அனுப்பும் வாய்ப்பு அதிகம். மீளும் வாய்ப்பு உள்ளவருக்குக் காலவரம்புள்ள சான்று தருவார்கள். அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து, முடியும் முன் புதுப்பியுங்கள்.

விண்ணப்பம்: இ-சேவை மையத்திலோ வீட்டிலிருந்தோ யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) இணையதளத்தில் பதிய வேண்டும். ஆதார், அண்மையில் எடுத்த படம், முகவரிச் சான்று, கையெழுத்து அல்லது ரேகை போதும். பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்த அரசு மருத்துவமனையில் நேரில் பரிசோதனை. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், பிசியோதெரபி சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். அட்டை வரச் சில மாதங்கள் ஆகலாம். விண்ணப்ப எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

கவனிக்க வேண்டிய பொறி: கை கால் இயக்கக் குறைபாடு ஒரு வகை, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு தனி வகை. இரண்டும் இருந்தால் இரண்டையும் மதிப்பிடச் சொல்லுங்கள். இரண்டையும் நேரடியாகக் கூட்ட மாட்டார்கள். இயக்கக் குறைபாடு 50, பேச்சு 30 என்றால் மொத்தம் 80 வராது. அவர்களுடைய சூத்திரப்படி ஏறத்தாழ 63 வரும். அப்படி வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை போட வேண்டாம்.

பலன்களில் பெரும்பாலானவற்றுக்கு 40 விழுக்காடு வேண்டும். கடும் பாதிப்பு 75 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். சாதாரண நகரப் பேருந்தில் உடன் வரும் ஒருவரோடு இலவசப் பயணம். துணையில்லாமல் பயணிக்க முடியாதவருக்கு ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 விழுக்காடு சலுகை, துணைக்கு வருபவருக்கும் அதுவே. ரயில்வேயின் சலுகை அட்டையைத் தனியாக வாங்க வேண்டும். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு 75,000 ரூபாய் கழிவு, 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் 1,25,000.

11. வேலைக்குத் திரும்புதல்

ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். விருப்ப ஓய்வு என்று யாராவது காகிதத்தை நீட்டினாலும் அவசரப்பட்டு ரேகை வைக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 20-ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமடைந்த அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி. அதுவும் இல்லையென்றால் பணியிடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடம். நான் விண்ணப்பத்தில் இந்தப் பிரிவின் எண்ணை எழுதினேன், அடையாள அட்டை நகலையும் உடல்தகுதிச் சான்றையும் இணைத்தேன், தரைத்தளத்தில் வகுப்பு கேட்டேன். எழுத்தில் கேட்டதால் எழுத்தில் பதில் வந்தது.

தனியார் வேலையில் இந்த அளவு பாதுகாப்பு கிடையாது. அரை நாள் வேலை, உட்கார்ந்து செய்யும் வேலை என்று குறிப்பாகக் கேளுங்கள். வண்டி ஓட்டுவதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் அனுமதி பெறுங்கள். பார்வையில் ஒரு பக்கம் தெரியாமல் போயிருப்பது பலருக்குத் தங்களுக்கே தெரிவதில்லை.

12. இன்னொருவருக்குத் துணையாக

ஐசியுவில் இருந்து வார்டுக்கு வந்தபோது எனக்கு மிகவும் தேவைப்பட்டது, இதே நோயிலிருந்து எழுந்து நடந்த ஒரு மனிதரைக் கண்ணால் பார்ப்பது. அப்படி யாரும் வரவில்லை. அதனால் இப்போது நான் போகிறேன். நீங்களும் தேறிய பிறகு போகலாம், பேச்சு முழுதாகத் திரும்பக் காத்திருக்க வேண்டாம். தடுமாறும் பேச்சே அவர்களுக்குத் தைரியம் தருகிறது.

முதலில் நரம்பியல் துறைத் தலைவரிடமோ வார்டு செவிலியரிடமோ எழுத்தில் அனுமதி கேளுங்கள். மாலை பார்வையாளர் நேரமே நல்லது. நோயாளியின் கண் மட்டத்தில் உட்கார்ந்து முதலில் அவரிடம் பேசுங்கள், பிறகு குடும்பத்தாரிடம். உங்கள் மாத்திரையின் பெயரைச் சொல்லாதீர்கள்; கசிவால் வந்தவருக்கும் கட்டியால் வந்தவருக்கும் மருந்து வேறு. "எனக்கு இத்தனை மாதத்தில் சரியானது, உங்களுக்கும் ஆகும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மூளையின் காயமும் வேறு. படம் எடுத்து எங்கும் போடக் கூடாது.

நான் கொண்டுபோவது ஒரு தாள். ஒரு பக்கம் கோப்பில் வைக்க வேண்டியவற்றின் பட்டியல், மறுபக்கம் ஆறு மாதக் கால அட்டவணை: எந்த மாதம் எந்த அலுவலகம். குடும்பத்தார் தயாராக இருந்தால் பத்துப் பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கிறோம். பழைய காற்றுப் படுக்கை, ஊன்றுகோல், சக்கர நாற்காலி தேவையில்லாமல் போன வீட்டிலிருந்து தேவைப்படும் வீட்டுக்கு அந்தக் குழு வழியாகவே போகின்றன. ஸ்பிளிண்ட் மட்டும் அளவு பொருந்தாது, அதைக் கைமாற்ற வேண்டாம். அக்டோபர் 29 உலகப் பக்கவாத தினம். பள்ளியிலோ, மகளிர் குழுவிலோ, ஊராட்சி அலுவலகத்திலோ அன்று பத்து நிமிடம் கேட்டு வாங்கி முதல் பிரிவில் எழுதிய மூன்று அறிகுறிகளையும் 108-ஐயும் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் சொல்வது இன்னும் நல்லது. வீட்டில் தாத்தா பாட்டிக்கு வாய் கோணினால் முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.